ரொறன்ரோவின் கோடை இடிமழையும் தரைக்குக் கீழே எழும் வெள்ளமும்

2024 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து நண்பகல் தாண்டும்வரை இடிமழைகள் ஒன்றன்பின் ஒன்றாக ரொறன்ரோவைக் கடந்தன. பியர்சன் விமான நிலையத்து மழைமானியில் அன்று 97.8 மில்லிமீற்றர் பதிவானது. ஜூலை மாதம் முழுவதும் அங்கே சராசரியாகப் பெய்வதைவிட இது அதிகம். டொன் ஆறு பெருகி, பள்ளத்தாக்கினூடாகச் செல்லும் நெடுஞ்சாலையை மூடியது. அங்கே சிக்கிக்கொண்ட 14 பேரைத் தீயணைப்புப் படையினர் மீட்டார்கள். யூனியன் ரயில் நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தது. ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. அந்த இரண்டு நாட்களில் தெற்கு ஒன்ராறியோவில் ஏற்பட்ட காப்புறுதி இழப்பு 90 கோடி டொலரைத் தாண்டியது. அடுத்த மாதம், ஓகஸ்ட் 17ஆம் திகதி, அதே பியர்சனில் ஒரே நாளில் 128 மில்லிமீற்றர் கொட்டியது.

புயல் அடிக்கும் கடற்கரையில் இல்லாத ஊர் ரொறன்ரோ. பெரிய நதி ஒன்றின் கழிமுகத்திலும் அது இல்லை. பனியும் குளிரும்தான் இங்கே இயற்கையின் கொடுமை என்று புதிதாக வருபவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் இந்த நகரத்துக்குப் பெரிய பணச்சேதத்தைக் கொண்டுவந்த இயற்கை நிகழ்வுகளில் முன்னிற்பது கோடை இடிமழை. 2005, 2013, 2018, 2024 என்று அது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் செய்திப் படங்களில் நாம் காண்பது நெடுஞ்சாலையில் மிதக்கும் கார்களை. வெள்ளத்தின் பெரும்பகுதி கமெரா போகாத இடத்தில், வீடுகளின் அடியில், தரைவடிகால் துளைகளின் வழியே எழுகிறது. இந்த நகரம் ஆற்று வெள்ளத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது. பேஸ்மென்ற் எனப்படும் நிலத்தடிக் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களைக் காக்க அது இன்னும் கற்கவில்லை. அதை எழுதிவைக்கவே இந்தக் கட்டுரை.

ஆற்றின் பாடத்தை ரொறன்ரோ கற்றது 1954இல். அவ்வாண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி இரவு, ஹேசல் என்ற சூறாவளியின் மிச்சம் ஒன்ராறியோவுக்குள் நுழைந்தது. ஏற்கெனவே இலையுதிர்கால மழையில் ஊறிப்போயிருந்த நிலம் மேலும் ஒரு துளியை வாங்கும் நிலையில் இல்லை. ஹம்பர் ஆற்றின் கரையில் இருந்த ரேமோர் டிரைவ் என்ற தெருவின் ஒரு பகுதி வீடுகளோடும் மனிதர்களோடும் அடித்துச் செல்லப்பட்டது. அந்த ஒரு தெருவில் மட்டும் 35 பேர் இறந்தார்கள். மாகாணம் முழுவதிலும் 81 பேர். அதன் பிறகு எடுக்கப்பட்ட முடிவு, என் கணிப்பில், வட அமெரிக்க நகரங்களின் வரலாற்றில் மிகத் துணிச்சலானவற்றுள் ஒன்று. பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுவது நிறுத்தப்பட்டது. ஆற்றோர நிலங்கள் பொதுவுடைமையாக்கப்பட்டன. 1957இல் பல சிறு அமைப்புகளை இணைத்து ஒரு பெரிய பேணுகை ஆணையம் உருவாக்கப்பட்டது. கிளேர்வில், ஜி. ரொஸ் லோர்ட் போன்ற அணைகள் எழுந்தன. தெற்கு ஒன்ராறியோவின் பெரும்பகுதியில் இன்றுவரை வெள்ளச் சமவெளியின் எல்லையைக் கணக்கிடுவதற்கு ஹேசல் மழையே அளவுகோல். இன்று ரொறன்ரோவாசிகள் காலைநடை போகும் பள்ளத்தாக்குப் பூங்காக்களில் பல அந்த இரவின் பேறு.

ஹேசல் என்பது இரண்டு நாள் மழை. அது பெரிய பரப்பில் பெய்து, மேட்டிலிருந்து ஓடிவந்து, ஆறுகளில் சேர்ந்து, கீழே உள்ளவர்களைத் தாக்கியது. கோடை இடிமழையின் கணக்கு வேறு. 2013 ஜூலை 8, திங்கட்கிழமை மாலை, வேலை முடிந்து ஊரே வீடு திரும்பும் நேரத்தில் பியர்சனில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் 126 மில்லிமீற்றர் பெய்தது. ஹேசல் நாளில் அதே இடத்தில் பதிவான ஒருநாள் மழை 121.4 மில்லிமீற்றர். ஒரு சூறாவளி ஒரு நாளில் இறக்கியதை, பெயர்கூட வைக்கப்படாத ஓர் இடிமழை மாலைத் தேநீர் நேரத்துக்குள் இறக்கிவிட்டது. டொன் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 1,400 பயணிகளோடு ஒரு ரயில் தண்ணீரில் நின்றது. பொலிஸார் ரப்பர் படகுகளைக் கொண்டுவந்து, நள்ளிரவுவரை அவர்களைச் சிறுகச் சிறுக இறக்கினார்கள். மின்மாற்று நிலையங்களுக்குள் தண்ணீர் புகுந்ததால் நகரின் மேற்குப் பகுதியும் அதை அடுத்த மிசிசாகாவும் இருண்டன.

இத்தகைய மழை எப்படி உருவாகிறது என்பதை விளங்கிக்கொள்ள நிலப்படத்தைப் பார்க்கவேண்டும். தெற்கே ஒன்ராறியோ ஏரி. வடமேற்கே ஹியூரன் ஏரியும் ஜோர்ஜியன் குடாவும். தென்மேற்கே ஈரி ஏரி. வடக்கே சிறிய சிம்கோ ஏரி. ஜூலை நண்பகலில் நிலம் கொதிக்கிறது, ஏரிநீர் குளிர்ந்திருக்கிறது. ஏரியிலிருந்து குளிர்காற்று கரையேறி உள்நாட்டை நோக்கி நகர்கிறது. அதன் முன்விளிம்பு மெல்லிய ஆப்பு ஒன்றைப் போல வெப்பக் காற்றை மேலே தள்ளுகிறது. இரண்டு ஏரிகளிலிருந்து வரும் காற்றுகள் எங்கே முட்டிக்கொள்கின்றனவோ அங்கே காற்று மேலெழுவதைத் தவிர வேறு வழியில்லை. ஜூன் தொடங்கி செப்டெம்பர்வரை சென்னையில் கடற்காற்றும் மேல்காற்றும் சந்திக்கும் மாலைகளில் இடிமுகில் எழுவதும் ஏறத்தாழ இதே பொறிமுறையால்தான். ரொறன்ரோவுக்கு வேண்டிய ஈரப்பதம் தெற்கே வெகுதூரத்தில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வருகிறது. தென்மேற்கு ஒன்ராறியோவின் சோள வயல்கள் கோடையில் வெளிவிடும் நீராவியும் அதோடு சேர்கிறது.

சாதாரண இடிமழை அரை மணி நேரத்தில் கடந்துபோகும். மேல்வானில் காற்று வலுவிழந்திருக்கும் நாட்களில்தான் ஆபத்து. முகில் நகராமல் நின்ற இடத்திலேயே கொட்டும். அல்லது ஒரு முகில் நகர்ந்து போகப்போக, அது நின்ற இடத்தில் இன்னொன்று முளைக்கும். ஒரே ஊரின் மேல் அவை வரிசையாகக் கடக்கும். அத்தகைய மழையின் மையம் பல தடவைகளில் சில கிலோமீற்றர் அகலம்தான். ஒரு பேரங்காடியின் தரிப்பிடத்தில் கணுக்காலளவு தண்ணீர் நிற்கும்போது, அடுத்த பேருந்துத் தரிப்பில் தெரு காய்ந்து கிடக்கும். எந்தத் தெருவில் விழும் என்பதை முதல்நாள் சொல்வது எந்த வானிலையாளராலும் முடியாது. அதே நாள் மதியத்திலும் அது கடினம். வளிமண்டலம் ஒரு பாகை சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடும் என்பது இயற்பியலின் அடிப்படை. ஆகவே இத்தகைய குறுநேரப் பெருமழை வருங்காலத்தில் வலுக்கும் என்பதில் அறிவியலாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

வானத்தின் கதை இவ்வளவுதான். மீதி எல்லாம் நிலத்தின் கதை, அதாவது நாம் செய்தது.

நூறு சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 10,000 லீற்றர். ஒரு ஹெக்ரேயர் பரப்புள்ள வாகனத் தரிப்பிடத்தில் அதே மழை 10 லட்சம் லீற்றர். புல்வெளியோ வயலோ இதில் ஒரு பங்கை உறிஞ்சும், இன்னொரு பங்கைத் தாமதப்படுத்தும். தார் எதையும் செய்யாது. நகரின் கிழக்கே உள்ள ஸ்காபரோவின் பெரும்பகுதி இரண்டாம் உலகப்போர் முடியும்வரை வயலும் பழத்தோட்டமும். பிறகு வந்தவை அகன்ற தெருக்கள், நெடுங்கடைத்தொகுதிகள், அவற்றின் முன்னால் கடல்போல் விரிந்த தரிப்பிடங்கள். அந்தப் பரப்பின் நீரில் பெரும்பகுதியை ஹைலண்ட் ஓடை வாங்கவேண்டியிருக்கிறது. வெயில்நாளில் குழந்தைகள் கல் எறிந்து விளையாடும் அந்த ஓடை, இடிமழை தொடங்கிய சிறிது நேரத்தில் மரங்களைப் பிடுங்கும் வேகத்தோடு பாயும்.

2005 ஓகஸ்ட் 19, வெள்ளிக்கிழமை பிற்பகல். நகரின் வடபகுதியில் ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. பிளாக் ஓடை பிஞ்ச் அவெனியூ மேற்கின் அடியில் செல்லும் மதகு அந்த வெள்ளத்தைத் தாங்கவில்லை. சாலையே அறுந்து விழுந்து, அதன் அடியில் புதைந்திருந்த குழாய்கள் வானம் பார்த்தன. பொறியியலாளர்கள் இன்றும் அந்தப் படத்தைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்தப் படத்தில் இல்லாத ஒன்று. அன்று நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீட்டுக்காரர்கள் தங்கள் பேஸ்மென்றில் தண்ணீர் வந்துவிட்டதாக மாநகரசபைக்கு அறிவித்தார்கள். அவர்களில் பலரின் வீடுகள் எந்த ஆற்றுக்கும் ஓடைக்கும் அருகில் இல்லை. வெள்ளச் சமவெளி வரைபடத்தில் அவை வெள்ளையாக, ஆபத்தற்ற நிலமாகக் கிடந்தன.

ஆறு இல்லாத இடத்தில் வெள்ளம் எப்படி வந்தது? குழாய்களின் வழியாக.

ரொறன்ரோவின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. அந்தக் காலத்தில் ஓடைகளையே செங்கல் வளைவுக்குள் அடைத்துச் சாக்கடையாக்கினார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் நடுவே ஓடிய ராடில் ஓடை 1884இல் மண்ணுக்குள் போனது. மேற்கே கரிசன் ஓடைக்கும் அதே கதி. தண்ணீருக்குத் தன் பழைய பாதை மறப்பதில்லை. அந்த ஓடைகள் இருந்த தாழ்வுகளில்தான் இன்றும் பேஸ்மென்ற்கள் நனைகின்றன. போருக்குப் பின் எழுந்த ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிகோ பகுதிகளில் மழைநீருக்கு ஒரு குழாயும் கழிவுநீருக்கு ஒரு குழாயும் தனித்தனியே போடப்பட்டன. அது முன்னேற்றம்தான். ஆனால் அந்த மழைநீர்க் குழாய்கள் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய மழையைக் கணக்கில் வைத்து அளவிடப்பட்டவை. அதைவிடப் பெரிய மழை வந்தால் நீர் எங்கே போகவேண்டும் என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. தெருக்களின் சரிவு நீரை ஓடைக்குக் கொண்டு சேர்க்கும்படி அமைக்கப்படவில்லை. தாழ்ந்த தெருவில் சேர்ந்த நீர் அங்கேயே நின்று, கார் இறங்கும் சரிவு வழியே வீட்டுக்குள் போனது. தெருவைவிடத் தாழ்ந்த அத்தகைய சரிவுகளைப் புதிதாகக் கட்ட இப்போது அனுமதி இல்லை. பழையவை இருக்கின்றன.

இதைவிடக் கொடியது கழிவுநீர்க் குழாய். அக்காலத்து வீடுகளில் அத்திவாரத்தைச் சுற்றிப் புதைத்த துளைக்குழாயைக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்துவிட்டார்கள். கூரைப் பீலியின் நீரும் பல வீடுகளில் நிலத்தடிக் குழாய்க்கே போனது. பெருமழையில் இவை எல்லாம் சேர, கழிவுநீர்க் குழாய் தன் கொள்ளளவைத் தாண்டி நிரம்புகிறது. தெருவில் உள்ள ஆள்நுழை மூடி வரைக்கும் நீர்மட்டம் எழுகிறது. அந்த மட்டத்துக்குக் கீழே திறந்திருக்கும் முதல் வாய் எது? பேஸ்மென்றின் தரைவடிகால் துளை. அடுத்தது, அங்குள்ள குளியலறை. மழைநீரும் அயலார் அனைவரின் மலசலகூட நீரும் கலந்து அந்த வாயால் மேலெழுகிறது. இந்த வெள்ளத்துக்குக் கதவும் இல்லை, கரையும் இல்லை. சுவரோ மண்மூட்டையோ அதைத் தடுக்காது.

2005க்குப் பிறகு மாநகரசபை வாளாவிருக்கவில்லை. 2006இல் பேஸ்மென்ற் வெள்ளத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. அடிக்கடி நனையும் பகுதிகளைத் தனித்தனியே ஆராய்ந்து, பெரிய குழாய்களும் நிலத்தடித் தொட்டிகளும் அமைத்து வருகிறார்கள். கூரைப் பீலிக் குழாயை நிலத்தடிக் குழாயிலிருந்து துண்டித்துப் புல்தரையில் விடவேண்டும் என்பது இன்று சட்டம். கழிவுநீர் திரும்பி வராமல் மூடிக்கொள்ளும் பேக்வோட்டர் வால்வைப் பூட்டவும் கீழ்த்தளத்தில் சேரும் நீரை இறைக்கும் சம்ப் பம்ப் வைக்கவும் வீடு ஒன்றுக்கு 3,400 டொலர்வரை பல ஆண்டுகளாக மானியம் தரப்பட்டது. இவை நல்ல வேலைகள். ஆயினும் ஒரு நகரம் முழுவதையும் தோண்டிக் குழாய் மாற்றுவது பல பத்தாண்டு வேலை. வால்வ் நாளைக்கே பூட்டக்கூடியது. அதற்கான விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டியவர் வீட்டுச் சொந்தக்காரர். நனைகிறவர் பெரும்பாலும் வேறொருவர்.

தெற்காசியாவுக்கு வெளியே தமிழர் மிகப் பெருந்தொகையாக வாழும் நகரங்களில் ஒன்று ரொறன்ரோ. 1980களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் தொடங்கி, இன்று தமிழ்நாட்டிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வரும் மாணவர்கள்வரை, எத்தனையோ பேரின் முதல் கனடிய முகவரி ஒரு பேஸ்மென்ற். மேலே வீட்டுக்காரர் குடும்பம், கீழே வாடகைக்கு ஒரு குடும்பம் அல்லது நாலைந்து மாணவர்கள். மேலே இருப்பவர் வீட்டுக்கடன் கட்டுவதும் கீழே இருப்பவர் படிப்பை முடிப்பதும் இந்த ஏற்பாட்டால்தான். இதை இழிவாகப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த நகரத்தில் எளியவர்கள் தங்களுக்குத் தாங்களே அமைத்துக்கொண்ட வீட்டுத் திட்டம் இது. அதனால்தான் அதன் பாதுகாப்பு பொதுப்பொறுப்பாக வேண்டும்.

வெள்ளம் வந்த மறுநாள் நடப்பதைப் பாருங்கள். வீட்டுக்காரரின் காப்புறுதி கட்டடத்துக்கு. வாடகைக்காரரின் கட்டில், மடிகணினி, பெட்டியின் அடியில் வைத்திருந்த சான்றிதழ்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த திருமணப் படங்கள் இவற்றுக்கு அதில் இடமில்லை. அதற்கு அவர் தனியே வாடகைக்காரர் காப்புறுதி எடுத்திருக்கவேண்டும். எடுத்திருந்தாலும் கழிவுநீர் திரும்பி வருவதற்கான பாதுகாப்பைக் கூடுதலாகக் கேட்டு வாங்கியிருக்கவேண்டும். தரைமேல் ஓடிவரும் வெள்ளத்துக்கு வீட்டுக் காப்புறுதி என்பது கனடாவில் 2015வரை கிடைக்கவே இல்லை. 2013இல் கல்கரியும் ரொறன்ரோவும் அடுத்தடுத்து மூழ்கிய பிறகுதான் நிறுவனங்கள் அதை விற்கத் தொடங்கின. இவை எதுவும் ஆறு மாதத்துக்கு முன் விமானத்திலிருந்து இறங்கிய ஒரு மாணவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தக் குடியிருப்பு முறைப்படி அனுமதி பெறாதது என்றால் அவர் வாய் திறக்கவே அஞ்சுவார். புகார் சொன்னால் தண்ணீர் போகும், வீடும் போகும்.

பேக்வோட்டர் வால்வைப் பற்றி விற்பனையாளர்கள் எல்லோரும் சொல்லாத ஒரு செய்தி உண்டு. தெருக்குழாய் நிரம்பியதும் வால்வ் மூடிக்கொள்கிறது. அப்போது வெளியிலிருந்து நீர் உள்ளே வராது, உள்ளிருக்கும் நீரும் வெளியே போகாது. அந்த நேரத்தில் மேல்மாடியில் ஒருவர் குளித்தாலோ, துணி துவைக்கும் இயந்திரம் ஓடினாலோ அந்த நீர் போகுமிடம் கீழ்க் குடியிருப்பின் தரை. ஒரே குடும்பம் வாழும் வீட்டில் இதைச் சொல்லிக்கொள்ளலாம். மேலும் கீழும் இரு குடும்பங்கள், பேச்சுவார்த்தை மாதம் ஒருமுறை வாடகை நாளில் மட்டும் என்ற வீட்டில், மேலே இருப்பவர் கீழே இருப்பவரை அறியாமலே மூழ்கடிக்கிறார். இடி முழங்கினால் குழாயைத் திறக்காதே என்பதை வால்வோடு சேர்த்துச் சொல்லித்தர வேண்டும்.

இதுவரை சொன்னது பொருள் இழப்பு. 2005இலும் 2013இலும் ரொறன்ரோவில் இம்மழைகளால் உயிரிழப்பு ஏற்படவில்லை. அந்த ஆறுதலில் நாம் தங்கிவிடக்கூடாது என்று எண்ணவைக்கும் மூன்று சம்பவங்கள் உண்டு.

முதலாவது இங்கேயே நடந்தது. 2018 ஓகஸ்ட் 7ஆம் திகதி இரவு, பிளாக் ஓடைக்கு அருகே ராக்கிளிவ் பகுதியில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு மின்தூக்கியில் இறங்கிய இருவர் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். கதவு திறக்கவில்லை, நீர் உயர்ந்துகொண்டே வந்தது. அவர்கள் தொலைபேசியில் அழைத்தபின் வந்த இரு பொலிஸார் கழுத்தளவு நீரில் இறங்கிக் கதவை நெம்பித் திறந்தார்கள். அப்போது மின்தூக்கியின் கூரைக்கும் நீருக்கும் இடையில் ஓரடி காற்றுதான் மிச்சம்.

இரண்டாவது நியூயோர்க். 2021 செப்டெம்பர் 1ஆம் திகதி இரவு, ஐடா சூறாவளியின் எச்சம் அங்கே வந்தது. சென்ட்ரல் பார்க்கில் ஒரு மணி நேரத்தில் 80 மில்லிமீற்றர். நகரில் இறந்த 13 பேரில் 11 பேர் பேஸ்மென்ற்களில் இறந்தார்கள். பெரும்பாலானோர் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த குடியேறிகள். அவர்கள் இருந்த இடங்களில் பெரும்பாலானவை அனுமதி பெறாதவை. மூன்றாவது சோல். 2022 ஓகஸ்ட் 8ஆம் திகதி இரவு, டொங்ஜாக் பகுதியில் ஒரு மணி நேரத்தில் 141.5 மில்லிமீற்றர். அரைவாசி நிலத்துக்குள் இருக்கும் பஞ்சிஹா எனப்படும் வீடொன்றில் ஒரு குடும்பத்தின் மூவர் இறந்தனர். வெளியே நின்ற நீரின் அழுத்தத்தில் கதவைத் திறக்க முடியவில்லை, யன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது.

இப்போது எண்களை அருகருகே வையுங்கள். நியூயோர்க்கில் 11 பேரைக் கொன்ற மணிநேர மழையைவிட, 2005இல் நோர்த் யோர்க்கில் பெய்த மணிநேர மழை கூடுதல். 2005இல் அது வேலைநாள் பிற்பகலில் வந்தது, கீழே வாழ்ந்தவர்கள் பலர் வேலைக்குப் போயிருந்திருப்பார்கள். 2013இல் மாலை, எல்லோரும் விழித்திருந்த நேரம். இரண்டு நகரங்களின் குழாய்களும் நிலச்சரிவும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் ரொறன்ரோ தப்பியதில் மழை வந்த நேரத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதே என் வாசிப்பு. இரவு இரண்டு மணிக்கு அதே மழை வந்தால் என்ன ஆகும் என்பதை இங்கே எந்தத் திட்டமும் உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை.

எச்சரிக்கை முறையைப் பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஆறு பெருகினால் எச்சரிக்க வேண்டியது பேணுகை ஆணையம். அதன் மழைமானிகளும் ஆற்றுமானிகளும் நேர்த்தியாக இயங்குகின்றன. வானிலை எச்சரிக்கை தரவேண்டியது மத்திய அரசின் வானிலைத் துறை. ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீற்றர் பெய்யும் என்றால் அது கடும் இடிமழை எச்சரிக்கை விடும். குழாய் மாநகரசபையின் பொறுப்பு. இந்த மூவருக்கும் நடுவே, இந்தத் தெருவின் பேஸ்மென்றிலிருந்து மேலே வா என்று சொல்லவேண்டிய கடமை எவரிடமும் இல்லை. எல்லோருடைய கைப்பேசியையும் அலறவைக்கும் அவசர அறிவிப்பு, இடிமழையைப் பொறுத்தமட்டில், மணிக்கு 130 கிலோமீற்றர் காற்றுக்கும் மிகப்பெரிய ஆலங்கட்டிக்கும் ஒலிக்கும். மழையின் அளவு மட்டும் அதை ஒலிக்கச் செய்யாது. ஒலித்தாலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் ஒலிக்கும். ஊரிலிருந்து வந்து மகளின் வீட்டுக் கீழ்த்தளத்தில் தங்கியிருக்கும் எழுபது வயது அம்மாவுக்கு அது வெறும் சத்தம். ரொறன்ரோவின் தமிழ் வானொலிகள் மரண அறிவித்தல்களை எவ்வளவு பொறுப்போடு வாசிக்கின்றனவோ, அதே பொறுப்போடு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் இடிமழை எச்சரிக்கையையும் வாசிக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

எச்சரிக்கை மட்டும் போதாது என்பதற்கும் நியூயோர்க்கே சாட்சி. அந்த இரவு அமெரிக்க வானிலைச் சேவை, நியூயோர்க் நகருக்கென முதன்முறையாக மிக உயர்ந்த திடீர் வெள்ள அவசர அறிவிப்பை விடுத்தது. கைப்பேசிகள் அலறின. வெளியேறும் வழி நீரில் இருந்தது. ரொறன்ரோவிலும் எத்தனையோ கீழ்க் குடியிருப்புகளுக்குத் தனிவாசல் என்பது வெளியே தோண்டிக் கட்டிய படிக்கட்டு. மழைநீர் முதலில் நிறைவது அந்தப் படிக்கிடங்கில்தான். அதன் அடியில் உள்ள சிறிய வடிகாலை ஒரு கை இலை அடைத்துவிடும். இன்னொரு வழி உள்ளே மேல்வீட்டுக்குப் போகும் கதவு. இரு குடும்பங்களின் தனிமைக்காக அது நிரந்தரமாகப் பூட்டியிருக்கும். இந்த ஒரு பூட்டைப் பற்றி வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் கோடை தொடங்குமுன் பேசி வைத்தால், அது கோடிக்கணக்கான டொலர் குழாய்த் திட்டம் தராத பாதுகாப்பை அன்றிரவே தரும்.

செலவை யார் தருவது என்ற கேள்வியிலும் நீதி பிறழ்ந்திருக்கிறது. ரொறன்ரோவில் மழைநீர்க் குழாய்களுக்கான பணம் குடிநீர்க் கட்டணத்திலிருந்து எடுக்கப்படுகிறது. அதிகமாகத் தண்ணீர் பாவிப்பவர் அதிகம் கட்டுகிறார். ஒரு சிறு வீட்டில் ஏழெட்டுப் பேர் நெருங்கி வாழ்ந்தால் அவர்கள் குளிப்பதற்கும் சமைப்பதற்கும் ஏற்பக் கட்டணம் ஏறும். பக்கத்தில் பல ஹெக்ரேயருக்குத் தார் பூசிய தரிப்பிடத்தில் தண்ணீர்க் குழாயே இல்லை என்றால் அதன் உரிமையாளர் மழைநீருக்காக எதுவும் தருவதில்லை. அந்தத் தரிப்பிடத்தின் வெள்ளம்தான் அந்தச் சிறு வீட்டின் கீழ்த்தளத்துக்குள் எழுகிறது. அயல் நகரமான மிசிசாகா 2016இலேயே, தண்ணீரை உறிஞ்சாத பரப்பின் அளவுக்கேற்ற கட்டணத்தைக் கொண்டுவந்துவிட்டது. ரொறன்ரோ மாநகரசபை 2017இல் இதே யோசனையைக் கைவிட்டது. 2024 வசந்தத்தில் மறுபடியும் எடுத்தது. மழைக்கு வரியா என்று எல்லை தாண்டிக் கேலி எழுந்ததும் அதை நிறுத்திவைத்தது. அடுத்த சில மாதங்களில்தான் ஜூலை 16உம் ஓகஸ்ட் 17உம் வந்தன.

இதே காலத்தில் டொன் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு பெரும் வேலை நடந்துகொண்டிருந்தது. நூறாண்டுக்கு முன் செங்கோணத்தில் ஒடித்துக் கொங்கிறீற் கால்வாயாக்கப்பட்ட ஆற்றுக்கு, வளைந்து செல்லும் புதிய பள்ளத்தாக்கையே வெட்டினார்கள். சேற்று நிலமும் நாணலும் மீண்டும் வந்தன. 1.25 பில்லியன் டொலர் மதிப்பில் மத்திய, மாகாண, மாநகர அரசுகள் மூன்றும் சேர்ந்து தொடங்கிய அந்தத் திட்டத்தால் 240 ஹெக்ரேயர் துறைமுக நிலம் வெள்ள ஆபத்திலிருந்து நீங்குகிறது. அதைப் பார்த்து நான் மகிழ்கிறேன்; ஆற்றுக்கு ஆறு என்ற மரியாதையை இந்த நகரம் திருப்பித் தந்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட அந்த நிலத்தில் எழப்போவது புதிய அடுக்குமாடிகள். ஸ்காபரோவின் கீழ்த்தளங்களில் வாழ்பவர்களுக்கு மாநகரசபை முன்வைப்பது வீட்டுச் சொந்தக்காரர் கேட்டால் மட்டும் கிடைக்கும் ஒரு மானியம்.

அந்த மானியத்தை வீட்டுக்காரரின் விருப்பத்துக்கு விடாமல், வாடகைக்கு விடப்படும் ஒவ்வொரு கீழ்த்தளத்துக்கும் வால்வைக் கட்டாயமாக்கி, செலவு முழுவதையும் மாநகரசபையே ஏற்கலாம். அனுமதி பெறாத குடியிருப்பா என்று கேட்காமலே அதைச் செய்யவேண்டும். கேட்டால் மிகவும் ஆபத்தில் இருப்பவர்களே கதவைத் திறக்கமாட்டார்கள். தீ எச்சரிக்கைக் கருவி பேஸ்மென்றில் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது, யாரும் அதை ஆடம்பரம் என்று சொல்வதில்லை. தரைவடிகாலில் நீர் எழுந்தால் அலறும் சிறிய கருவி கடைகளில் சில பத்து டொலருக்குக் கிடைக்கிறது. நள்ளிரவு மழையில் தூங்குபவரை அது எழுப்பும்.

இந்த நகரத்தின் மேயர்களாக இருந்தவர்கள் வெள்ளம் வந்த மறுநாள் சொன்ன வாக்குறுதிகளை இங்கே அடுக்க நான் விரும்பவில்லை. ஒரு தகவலை மட்டும் மாநகரசபையிடம் கேட்கவேண்டும்: இந்த நகரில் எத்தனை பேர் தரைமட்டத்துக்குக் கீழே உறங்குகிறார்கள், அவர்களில் எத்தனை பேரின் தெருவில் கழிவுநீர்க் குழாய் பெருமழையில் நிரம்பும் என்று அதன் சொந்தப் பொறியியலாளர்கள் ஏற்கெனவே கணித்திருக்கிறார்கள். இரண்டாவது கணிப்பு, பகுதி பகுதியாக நடந்த ஆய்வுகளில் இருக்கிறது. அதை முதலாவதோடு சேர்த்து ஒரே வரைபடத்தில் போட்டு, ஒவ்வொரு மே மாதமும் அந்தத் தெருக்களில் கதவு கதவாகத் தட்டி, தமிழிலும் பஞ்சாபியிலும் தகலோக்கிலும் மண்டரினிலும் சொல்லலாம். தேர்தல் காலத்தில் இதே தெருக்களில், இதே மொழிகளில் துண்டுப்பிரசுரம் கொடுக்க எல்லோராலும் முடிகிறது.